மாப்பிள்ளைக்கு ஒரு நகவெட்டி

எங்கள் கரிசல்காட்டில் பெயர் இல்லாத பொருளே கிடையாது. காய்ந்த பருத்திச் செடிக்குப் பருத்திமார் என்று பெயர். காய்ந்த சோளப் பயிருக்குத் தட்டை. உளுந்து அடித்த பிறகு களத்தில் மிஞ்சுகிற தூசிக்குக்கூட பொட்டு என்று பேர் வைத்து, அதை மாட்டுக்கு விலைக்கு வாங்குகிறோம். ஆனால் ஒரு பொம்பளையின் உடம்பில், பிறப்புவாசலுக்கும் ஆசனவாய்க்கும் நடுவே இருக்கிற இரண்டு விரற்கடை இடத்துக்கு மட்டும் நாகலாபுரத்தில் பெயர் கிடையாது. யோகிகள் அந்த இடத்தை மூலாதாரம் என்று கொண்டாடி, அங்கே ஒரு தாமரையையே பூக்க வைத்திருக்கிறார்கள். டாக்டர்கள் பெரினியம் என்கிறார்கள். நாங்கள் 'அங்க' என்போம். அதையும் குரலைத் தாழ்த்தி, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டுதான் சொல்வோம்.

இத்தனைக்கும் ஊரில் பிறந்த அத்தனை பேரும் அந்த இடத்தை நெருக்கித் தள்ளிக்கொண்டு வந்தவர்கள்தான். இப்போது கொஞ்சம் கணக்கு மாறியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல சர்வேப்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்குச் சுமார் 45 சிசேரியன். வாசல் வழியாக வராமல் கூரையைப் பிரித்துக்கொண்டு இறங்குகிறவர்கள் அவர்கள். மீதிப் பேர் வாசல் வழிதான்.

அப்பேர்ப்பட்ட ஊருக்கு, பெங்களூரிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்த என் மகள் ஒரு நாள் சாயங்காலம் ஒரு அச்சடித்த காகிதத்தோடு அடுப்படிக்கு வந்தாள்.

"அம்மா, முப்பத்திநாலு வாரம் முடிஞ்சிருச்சு. இனிமே மசாஜ் ஆரம்பிக்கணும்."

"அதான் தினம் ராத்திரி காலை அமுக்கி விடுறேனே, பத்தலியா?"

"கால் இல்லம்மா."

"இடுப்பா?"

"இடுப்பும் இல்ல."

அப்புறம் காகிதத்தை நீட்டினாள். படம் போட்டிருந்தது. நான் அதைப் பார்த்த வேகத்தில் மடித்து, அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் செருகிவிட்டேன். திண்ணையில் அவள் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வீட்டு ஆம்பளை காதில் விழுகிற விஷயமா இது?

ஆம்பளை காதில் விழவில்லை. எங்கம்மா காதில் விழுந்துவிட்டது. அவளுக்கு வயசு 78. டி.வி.யை ஊரே கேட்கிற மாதிரி வைத்தால்தான் கேட்கும். ஆனால் அடுப்படியில் யாராவது ரகசியம் பேசினால் மட்டும் வாசலில் இருந்தே கேட்டுவிடும். மாசி மாசம், மிளகாய் வத்தல் சீசன். சுளகை மடியில் வைத்துக்கொண்டு வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"இதுக்கா இம்புட்டு ரகசியம்? மருத்துவச்சி வெளக்கெண்ணெ போட்டு நீவாமலா ஒன்னையப் பெத்தேன்?"

எனக்கு இது புதுச் செய்தி. ஐம்பது வருஷத்துக்கு மேலாக நான் அவளுக்கு மகளாக இருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை. பேத்தி கேட்டதும் மடை திறந்த மாதிரி கொட்டுகிறாள்.

காட்டு வரப்பில் ஆமணக்கு நிற்குமாம். முத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, மேலே மிதக்கிற எண்ணெயை வழித்து எடுப்பார்களாம். வலி கண்டதும் மருத்துவச்சி வந்து, உள்ளங்கையில் அந்த எண்ணெயை ஊற்றிக்கொண்டு அடிவயிற்றையும் இடுப்பையும் 'அங்க'யும் நீவி நீவி விடுவாளாம். "காஞ்ச கரிசல் வெடிக்கும், நனைஞ்ச கரிசல் இழுத்த இழுப்புக்கு வரும்" என்று அந்த மருத்துவச்சி சொல்வாளாம். எங்கள் ஊர்க் கோடை வெடிப்பைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கன்றுக்குட்டியின் காலே உள்ளே போய்விடும்.

அந்தக் காலம் பொற்காலம் என்று எழுத எனக்கு ஆசையில்லை. அதே மருத்துவச்சி கையில், அதே தெருவில், போன உசுர்களும் உண்டு. எண்ணெய் சுத்தமா, கை சுத்தமா, கொடி அறுத்த அரிவாள் சுத்தமா என்று கேட்க அன்றைக்கு ஆள் இல்லை. எங்கம்மாவே நான்கு பெற்று மூன்றுதான் வளர்த்தாள். ஆனால் கிழியாமல் இருக்க எண்ணெய் போட்டு இளக்க வேண்டும் என்கிற யோசனை அந்தப் படிக்காத மனுஷிக்கு இருந்திருக்கிறது. சரக சம்ஹிதையில்கூட ஒன்பதாம் மாசத்துக்கு என்று ஒரு வைத்தியம் சொல்லியிருக்கிறது. எண்ணெயில் தோய்த்த பஞ்சை உள்ளே வைத்து, குழந்தை வருகிற வழியை இளக்கச் சொல்கிறார் சரகர். பஞ்சும் எண்ணெயும்! இரண்டுமே எங்கள் காட்டில் விளைகிறது. எங்களுக்குத்தான் சரகர் வாய்க்கவில்லை.

சரி, படித்த டாக்டர்கள் என்ன செய்தார்கள்? கத்தரிக்கோலை எடுத்தார்கள். 1742-லேயே டப்ளின் நகரத்து டாக்டர் ஃபீல்டிங் உல்ட், ரொம்பக் கஷ்டமான பிரசவத்தில் அந்த இடத்தை வெட்டி வழி பண்ணலாம் என்று எழுதிவிட்டார். கஷ்டம் வந்தால்தான் என்றார் அவர். 1920-ல் அமெரிக்காவில் ஜோசப் டிலீ என்ற டாக்டர் கஷ்டம் வருகிற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், முன்கூட்டியே வெட்டி ஆயுதம் போட்டு எடுத்துவிடலாம் என்று சொன்னார். தானாகக் கிழிந்தால் கோணல்மாணலாகக் கிழியும், நாம் வெட்டினால் நேராக இருக்கும், தைக்க வசதி என்பது வாதம். (டெய்லர் கடையில் சொல்கிற நியாயம்தான்.) உலகம் பூராவும் அதைப் பிடித்துக்கொண்டது. தலைப்பிரசவமா, வெட்டு! கேள்வியே கிடையாது.

1993-ல் வெளியான ஒரு ஆராய்ச்சியில், அர்ஜென்டினாவில் 2606 பெண்களை வைத்துச் சரிபார்த்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கம்போல வெட்டு. மறுபாதிக்கு அவசியம் என்றால் மட்டும் வெட்டு. ஆசனவாய்ச் சதை வரைக்கும் போகிற பெரிய கிழிசல் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். வெட்டினதால் ஒரு லாபமும் இல்லை. எல்லாருக்கும் வழக்கமாக வெட்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் அழுத்தமாகவே சொல்லிவிட்டது.

எனக்கு இந்தச் செய்தி 22 வருஷம் தாமதம். நான் இவளைப் பெற்றது 1996-ல். எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது எதற்கு? ஒரு ஆஸ்பத்திரி. வெட்டப்போகிறேன் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. கத்தரி ஓசை மட்டும் கேட்டது. கோடித்துணி கிழிக்கிற ஓசை. குழந்தை அழுகிற சத்தத்தில் அதை மறந்துவிட்டேன். தையல் போட்டபோது ஞாபகம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு மாசம் நான் உட்கார்ந்த உட்காரல் இருக்கிறதே... ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, ஏதோ வீணை வாசிக்கிறவள் மாதிரி. ஒண்ணுக்குப் போனால் மிளகாய்ப் பொடி தூவின மாதிரி எரியும். பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. பார்க்க வந்தவர்கள் "பிள்ளை யார் சாடை?" என்று கேட்டார்களே தவிர, "ஒனக்கு எப்படி இருக்கு?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஐந்தாறு மாசம் கழித்தும் உள்ளுக்குள் இழுத்துப் பிடிக்கும். புருஷன் பக்கத்தில் வந்தாலே பயம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? பெயரே இல்லாத இடத்தில் வலிக்கிறது என்றால் டாக்டர்கூட நம்ப மாட்டாரே!

அதனால்தான், ராத்திரி எல்லாரும் படுத்தபிறகு, அஞ்சறைப்பெட்டிக்கு அடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி விடாமல் படித்தேன்.

விஷயம் இதுதான். 34, 35 வாரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். குளித்துவிட்டு, உடம்பு சூடாக இருக்கும்போது, முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்து உட்கார வேண்டும். கையை நன்றாகக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். சுத்தமான எண்ணெய் தொட்ட கட்டைவிரலை மூன்று, நான்கு சென்டிமீட்டர் உள்ளே விட்டு, ஆசனவாய்ப் பக்கமாகக் கீழ்நோக்கி அழுத்தி ஒரு நிமிஷம்போலப் பிடிக்க வேண்டும். லேசாக எரியும், இழுக்கும். குழந்தையின் தலை வரும்போது இருக்கப்போகிற எரிச்சலுக்கு அது ஒத்திகை. அப்புறம் இரண்டு பக்கமும் மெதுவாக, லாட வடிவத்தில் நீவ வேண்டும். மேலே, மூத்திரத் துவாரப் பக்கம் போகவே கூடாது. மொத்தம் ஐந்திலிருந்து பத்து நிமிஷம். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். வீரம் காட்டுகிற இடம் இல்லை.

எண்ணெய் பாதாமா, ஆலிவா, தேங்காயா என்பது பெரிய விஷயமே இல்லை. வாசனை போட்டது, மருந்து கலந்தது கூடாது. எண்ணெய் வழுக்குவதற்குத்தான். சதையைப் பழக்குவது விரல். அம்மா சொன்ன கரிசல் உதாரணத்தில் அந்த ஒரு திருத்தம் உண்டு: நனைத்தால் மட்டும் போதாது, பிசையவும் வேண்டும். (விளக்கெண்ணெய் குடித்தால் வலி வரும் என்பது வேறு கதை. வலிக்கு முன்னால் பேதிதான் வரும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.)

மறுநாள் காலையில் இவர் டீ குடிக்கும்போது மெதுவாகப் பேச்சை எடுத்தேன். எனக்கே ஆச்சரியம், மனுஷன் நெளியவில்லை. கணக்குதான் கேட்டார். "இதனால என்ன பிரயோசனம்? எத்தனை பேருக்குச் சரியாகுது?"

மகள் கணக்கை வைத்திருந்தாள். கனடாவில் கியூபெக் மாகாணத்தில் 1500 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆராய்ச்சி, 1999-ல் வெளியானது. முதல் தடவை சுகப்பிரசவத்துக்குப் போகிறவர்களில், மசாஜ் செய்தவர்களில் 100-க்கு 24 பேருக்குக் கிழிசலோ வெட்டோ எதுவுமே இல்லை. செய்யாதவர்களில் 15 பேர்தான் அப்படித் தப்பித்தார்கள். அப்புறம் காக்ரேன் அமைப்பு இதைப் போல நான்கு ஆராய்ச்சிகளை, 2497 பெண்களை, ஒன்றாக எடைபோட்டது. அவர்கள் கணக்குப்படி சுமார் 15 பேர் செய்தால் ஒருத்திக்குத் தையல் மிச்சம். ஏற்கெனவே பெற்றவர்களுக்குக் கிழிசல் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மூன்று மாசம் கழித்தும் இருக்கிற வலி அவர்களுக்குக் குறைந்தது.

"பதினஞ்சு பேர் மெனக்கெட்டு ஒருத்திக்கா?" என்றார் இவர். உளுந்து வியாபாரம் பார்த்த மனுஷன். நட்டக் கணக்கு உடனே தெரிந்துவிடும்.

வாசலிலிருந்து எங்கம்மா குரல்: "அந்த ஒருத்தி நம்ம பிள்ளையா இருந்தா?"

இவர் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் எழுந்து போனால் சம்மதம் என்று அர்த்தம்.

அன்றைக்கு நர்ஸம்மா ரத்த அழுத்தம் பார்க்க வந்தபோது அவரிடமும் கேட்டோம். அவர் முதலில் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கி, நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதா என்று பார்த்தார். அப்படி இருந்தால் கூடவே கூடாதாம். ரத்தக்கசிவு இருந்தாலோ, பனிக்குடம் உடைந்து நீர் போனாலோ, அரிப்போடு வெள்ளைப்படுதல் மாதிரி தொற்று இருந்தாலோ, குறைமாதத்தில் வலி வருகிற பயம் இருந்தாலோ தொடவே கூடாது. இவளுக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை. "செய்ங்க. ஆனா இத செஞ்சுட்டோம், இனி கிழியவே கிழியாதுன்னு எங்கிட்ட வந்து சண்டை போடாதீங்க" என்றார். நேர்மையான பேச்சு. முதல் பிரசவத்தில் 10-க்கு 9 பேருக்குச் சிராய்ப்போ கிழிசலோ ஏதோ ஒன்று வரத்தான் செய்கிறது என்று இங்கிலாந்து டாக்டர்களே சொல்கிறார்கள். பெரும்பாலும் சின்னதுதான், ஆறிவிடும்.

இனி செய்ய வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் சிக்கல். எட்டு மாச வயிற்றைத் தாண்டி யாருக்குக் கை எட்டும்? இவள் ஒரு நாள் முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தாள். "என் காலையே நான் பார்த்து ரெண்டு மாசம் ஆச்சும்மா..."

"இம்புட்டுத்தான? நான் நீவி விடுதேன் வாத்தா" என்று எங்கம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அம்மாச்சி! வத்தல்!" என்று என் மகள் போட்ட கூப்பாட்டில், திண்ணையில் இருந்தவர் பேப்பரோடு உள்ளே ஓடி வந்துவிட்டார்.

சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் மிளகாய்க் கை இல்லாத பொம்பளை கிடையாது. அந்தக் கையால் தெரியாமல் கண்ணைத் தொட்டுவிட்டுத் துடித்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாலும் காரம் விரலைவிட்டுப் போகாது. அந்தக் கனடா ஆராய்ச்சியாளர்கள் எச்சரிக்கைப் பட்டியலில் இதைச் சேர்க்கவில்லை. அவர்கள் விளாத்திகுளம் தாலுகாவுக்கு வந்ததில்லை, பாவம். அம்மாவுக்கு அன்றோடு அந்த உத்தியோகம் ரத்து. என் கையிலும் வத்தல்தான், எனக்கும் ரத்து.

மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள். மிளகாய் தொடாத கை, கம்ப்யூட்டர் மட்டும் தொடுகிற கை. மாப்பிள்ளை!

அவர் பெங்களூரிலிருந்து சனிக்கிழமை காலையில் வந்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திரும்புகிறவர். தினமும் செய்தால்தானே பலன் என்று எனக்குக் கவலை. அதற்கும் மகள் கணக்கு வைத்திருந்தாள். வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை செய்தவர்களுக்கே பலன் தெரிந்திருக்கிறது, அதிகம் செய்ததால் அதிக லாபம் என்று இல்லையாம். ஆக சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை போதும். எங்கள் ஊர் பஸ் நேரத்தைப் பார்த்து ஆராய்ச்சி செய்த மாதிரி இருந்தது.

ஆனால் அவர் நகம்? போன தடவை தட்டில் முறுக்கு எடுக்கும்போது கவனித்திருந்தேன். சுண்டுவிரலில் ஒன்று அரை இஞ்ச் வளர்த்து வைத்திருந்தார். கட்டைவிரலும் யோக்கியம் இல்லை. மாப்பிள்ளையிடம் நேரே நின்று பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதுவும் என்னவென்று சொல்வது? 'மாப்பிள்ளை, நகம் வெட்டுங்க' என்றால், எதற்கு என்று மனுஷர் கேட்டுவிட்டால்?

யோசித்து யோசித்து, சனிக்கிழமை காலையில் காபித் தட்டிலேயே டம்ளருக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு புது நகவெட்டியை வைத்து அனுப்பினேன். காபி திரும்பி வந்தது, காலி டம்ளராக. நகவெட்டி வரவில்லை. அரைமணி கழித்து முற்றத்துப் பக்கம் 'டிக், டிக்' என்று சத்தம். எங்கம்மா என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

பகலில் இரண்டு பேரும் அறைக் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தாங்காது. "பிள்ளத்தாச்சிப் பிள்ளைய வச்சுக்கிட்டு..." என்று இழுத்தாள். எங்கம்மா சுளகைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "வைத்தியம் நடக்குது. ஒனக்கும் வேணுமா?" அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அந்த ஐந்து வாரத்தில் நான் கவனித்த ஒரு விஷயம், ஆராய்ச்சியில் எங்கே வருகிறது என்று தெரியாது. மகளுக்குப் பயம் விட்டுப்போயிற்று. முதலில் தொட்டாலே உடம்பை இறுக்கிக்கொள்கிறாள் என்றார்களாம். போகப் போக அந்த எரிச்சல் வரும்போது மூச்சை விட்டுத் தளர்த்தப் பழகிக்கொண்டாள். மாப்பிள்ளையும் மாறினார். கல்யாணமான புதிதில் தண்ணீர் கேட்கக்கூட இவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினவர். இப்போது "அவளுக்கு இடது பக்கம்தான் அதிகமா இழுக்குதுன்னா, அத்தை" என்று என்னிடமே சொல்கிறார்! நான் உள்ளே ஓடிவிட்டேன்.

பங்குனியில் ஒரு விடிகாலையில் வலி கண்டது. கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனோம். அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்று 2004-லேயே தமிழ்நாட்டில் திட்டம் வந்துவிட்டது. எனக்கு 1996-ல் கிடைக்காத துணை. நான் உள்ளே போனேன். மகள் முன்கூட்டியே டாக்டரம்மாவிடம் சொல்லியிருந்தாள்: அவசரம் என்றால் வெட்டுங்கள், குழந்தைக்கு மூச்சுத் திணறினால் கேட்கக்கூட வேண்டாம். வழக்கத்துக்காக வேண்டாம். சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ என்று எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. அந்தம்மா தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

தலை தெரிகிற நேரத்தில் நர்ஸ் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை 'அங்க' ஒத்தடமாக வைத்தார். அதுவும் பெரிய கிழிசலைக் குறைக்கிறதாம், உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. நான் பழைய ஞாபகத்தில் "முக்குத்தா, முக்கு!" என்று கத்தினேன். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முக்காதம்மா, இப்ப ஊது. மெழுகுவத்தி ஊதற மாதிரி ஊது" என்றார். இவள் ஊதினாள். தலை கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமே இல்லாமல் வந்தது. கத்தரி தட்டிலேயே கிடந்தது. நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேத்தி வந்துவிட்டாள், மூன்று கிலோ நூறு.

கிழியவே இல்லையா? கிழிந்தது. தோலில் சின்னதாய் ஒரு கிழிசல். மரத்துப்போக ஊசி போட்டு, சொல்லிவிட்டு, இரண்டு தையல் போட்டார்கள். அந்த 15 பேரில் இவள் எந்தக் கணக்கில் வருகிறாள், மசாஜ் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதெல்லாம் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எட்டாம் நாள் நான் பார்த்தேன், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சம்மணம் போட்டு நேராக உட்கார்ந்து பால் கொடுக்கிறாள். எனக்கு அப்படி உட்கார இரண்டு மாசம் ஆயிற்று.

எங்கம்மாவும் அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வத்தல் நெடியாக இருக்கும்.

போன வாரம் சம்பந்தி அம்மா போன் செய்தார்கள். பேத்தி எப்படி, தடுப்பூசி போட்டாச்சா என்று கால் மணி நேரம் பேசிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்கள். "மதினி... எம் மகளுக்கு இப்ப ஏழு மாசம். அந்த எண்ணெ, அந்தக் காயிதம் எல்லாம் இருந்தாக் குடுத்து விடுங்க."

எண்ணெயும் காகிதமும் கொடுத்துவிட்டேன். நகவெட்டி மட்டும் இன்னும் மாப்பிள்ளையிடம்தான் இருக்கிறது.